புராஜெக்ட் ரிப்போர்ட்டைத் தள்ளிப்போடாமல் எழுத

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்ததும் திடீரென்று அறையைப் பெருக்கத் தோன்றுகிறதா? அது சோம்பேறித்தனம் இல்லை, எங்கே தொடங்குவது என்று தெரியாத பயம், அதிலிருந்து கொஞ்ச நேரம் தப்பிக்கத்தான் மனசு துடைப்பத்தைத் தேடுகிறது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்த டிமதி பிச்சில் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்: சிக்கல் நேரத்தில் இல்லை, உணர்ச்சியைச் சமாளிப்பதில்.

அதனால் அட்டவணை போடுவதை விடுங்கள் (கலர் பேனாவில் போட்டால் அதுவே இன்னொரு தள்ளிப்போடல்). முன்னுரையில் தொடங்காதீர்கள். நீங்கள் செய்த சோதனை, வந்த ரீடிங், அதை முதலில் கிறுக்குங்கள், தமிழில் வந்தாலும் சரி. 25 நிமிடம் அலாரம், போன் அடுத்த அறையில். நாமே வைக்கும் கெடுவை நாமே தள்ளிவிடுவோம் என்பதால், அப்புறம் கைடிடமே போய், "வெள்ளிக்கிழமை ஒரு அத்தியாயம் கொண்டு வரட்டுமா சார்?" என்று கேட்டுவிடுங்கள்.