“நீங்களே படியுங்கோ” என்று சொல்லிவிட்டால் போதாது

கற்பித்தல் பயிற்சிக்கு வந்த இளம் ஆங்கில ஆசிரியை ஒருவரின் வகுப்பைக் கடைசி வாங்கில் இருந்து பார்த்தேன். தரம் 9. “இண்டைக்கு நீங்கள் விரும்பினதைப் படியுங்கோ” என்றார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் அவர் பழையபடி கரும்பலகையில் எழுதத் தொடங்கிவிட்டார். நான் முதன்முதலில் செய்ததும் இதேதான். பிள்ளைகளைத் தாமே படிக்கப் பழக்கும்போது நாம் விடும் தவறுகள் சிலவற்றைக் கீழே சொல்கிறேன்.

பொறுப்பை ஒரே நாளில் கொடுப்பது

அன்று தோற்றபின் நான் சொன்ன வார்த்தைதான் இன்றும் ஆசிரியர் அறைகளில் கேட்கிறது: “எங்கட பிள்ளையளுக்கு இது சரிவராது.” கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பள்ளிக்கூடத்திலும் ரியூசனிலும் சொல்லச்சொல்ல எழுதிப் பழகிய பிள்ளை, தெரிவு செய்ய எங்கே பழகியது?

பிரான்சின் நான்சி பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்த ஆன்றி ஹோலெக், தன் கற்றலுக்குத் தானே பொறுப்பேற்கும் ஆற்றலே கற்போர் தன்னாட்சி என்று வரையறுத்தார். அது பிறவியில் வருவதல்ல, பழக்கி வரவேண்டியது என்றும் சொன்னார். இலக்கு, பாடப்பொருள், முறை, கண்காணிப்பு, மதிப்பீடு என ஐந்திலும் பொறுப்பு உண்டு. நான் ஐந்தையும் ஒரே காலையில் பிள்ளைகளின் தலையில் வைத்தேன். பிறகு ஐந்தையும் பறித்துக்கொண்டு, கட்டுரைகளைப் பாடமாக்க வைத்தேன். சாதாரண தரப் பரீட்சை முடிந்து வந்த ஒரு மாணவி, “ரீச்சர், பாடமாக்கினது ஒண்டு, வந்த தலைப்பு வேற” என்றாள். சொந்தமாக நாலு வசனம் எழுத அவளுக்கு நான் இடம் கொடுத்ததே இல்லை.

சிறிதாகத் தொடங்குங்கள். இரண்டு வீட்டுவேலை கொடுத்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். ஏன் அதைத் தெரிவு செய்தாய் என்று கொப்பியில் ஒரு வரி. டென்மார்க்கில் லெனி டாம் என்ற ஆசிரியை தன் ஆங்கில வகுப்பில் இப்படியான நாட்குறிப்புக் கொப்பிகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். என் வகுப்பில் அந்த ஒரு வரி உண்மையாக வர ஒரு தவணை எடுத்தது. அதுவரை “லேசு” என்றுதான் எழுதினார்கள்.

அந்த வரியை ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும் என்பது

தமிழில் எழுதட்டும்.

எல்லாப் பிழையையும் நாமே திருத்துவது

அடிக்கோடு மட்டும் போடுங்கள். திருத்துவது பிள்ளையின் வேலை.

பரீட்சையைச் சாட்டுவது

“சிலபஸ் முடியாது” என்பார்கள். கடந்தகால வினாத்தாளைச் செய்யும்போதே இதைப் பழக்கலாம். புள்ளியிடும் திட்டத்தைக் கையில் கொடுத்து, பிள்ளையே முதலில் புள்ளி போடட்டும். பிறகு நீங்கள் போடுங்கள். இரண்டும் எங்கே வேறுபடுகிறதோ, அடுத்த பாடத்தை அந்த இடத்தில் தொடங்குங்கள்.