மொந்தை மட்டும் பழையது: ரீமேக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் திரைப்படமாக எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் எனக்கு முதலில் மகிழ்ச்சியும், அடுத்த நிமிடமே பயமும் வருகிறது. சிறுவயதில் வாரம் தவறாமல் பார்த்த ஒரு தொடர் படமாக வந்தபோது முதல் நாளே தியேட்டருக்குப் போனேன். விளக்குகள் அணைந்து அந்தப் பழைய தொடக்க இசை ஒலித்ததும் மெய்சிலிர்த்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்; அவரும் அதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்தது. அந்த அரை நிமிடத்தோடு சரி. அடுத்த இரண்டு மணி நேரத்தில் பெயர்கள் இருந்தன, உடைகள் இருந்தன, அதே கார் இருந்தது. நாங்கள் பார்க்க வந்த மனிதர்கள் மட்டும் இல்லை. படம் முடிவதற்கு முன்பே பெரியவர் எழுந்து போய்விட்டார்.

பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றுவது என்று இதைச் சொல்வதுண்டு. நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் நடந்தது வேறு. மொந்தை மட்டும் பழையது. உள்ளே கள் இல்லை.

ரீமேக் என்றாலே குற்றம் என்று சொல்ல வரவில்லை. 1941இல் வெளிவந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' துப்பறியும் படங்களின் சிகரங்களில் ஒன்று. அதே நாவலை அதற்கு முன் 1931இலும் 1936இலும் படமாக்கியிருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஹாங்காங்கின் 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' படத்தைத் தழுவிய 'தி டிபார்ட்டட்' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வென்றது. ஆகவே என் எரிச்சல் தேவையில்லாத ரீமேக்குகள் மீதுதான். பழைய தலைப்பின் உரிமை ஏற்கெனவே ஸ்டூடியோவின் கையில் இருக்கும். பெயரை மக்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டிய செலவும் மிச்சம். அந்த வசதிக்காகவே தொடங்கப்படும் படங்கள் திரும்பத் திரும்ப ஒரே குழிகளில் விழுகின்றன.

குறையே இல்லாததைத் தொடுவது

'மால்டீஸ் ஃபால்கன்' கதையை 1941இல் மூன்றாவது முறையாக எடுத்ததில் நியாயம் இருந்தது. முந்தைய இரண்டும் அந்த நாவலின் முழு பலத்தையும் திரைக்குக் கொண்டுவரவில்லை. நல்ல கருவும் அரைகுறை நிறைவேற்றமும் கொண்ட படம்தான் ரீமேக்குக்கு ஏற்றது. தயாரிப்பாளர்கள் தேடிப் போவதோ இதற்கு நேர்மாறாக, எல்லோரும் கொண்டாடும் படத்தை. மக்கள் அதைக் கொண்டாடுகிறார்கள் என்றாலே அங்கே செய்வதற்கு வேலை எதுவும் மிச்சமில்லை என்றுதான் பொருள்.

காட்சிக்குக் காட்சி நகல்

1960இல் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ'வை 1998இல் கஸ் வான் சான்ட் ஏறத்தாழ ஷாட்டுக்கு ஷாட் அப்படியே வண்ணத்தில் எடுத்தார். அதே திரைக்கதை, அதே இசையின் மறுபதிவு. ஆனாலும் படம் உயிரில்லாமல் கிடந்தது. இதற்கான காரணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1960இல் படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்களுக்கு நிபந்தனை விதித்திருந்தார். கதாநாயகி என்று நாம் நம்பி உட்கார்ந்திருக்கும் பெண் படத்தின் பாதிக்குள்ளாகவே குளியலறையில் கொல்லப்படுகிறாள். தாமதமாக வருபவர் அவளைத் தேடிக்கொண்டிருப்பார், அதனால்தான் அந்த நிபந்தனை. அந்தக் குளியலறைக் காட்சியின் பலத்தில் பாதி கேமராவில் இருந்தது. மறுபாதி பார்வையாளரின் அறியாமையில் இருந்தது. கேமராவை நகலெடுக்கலாம். 1998இல் தியேட்டருக்கு வந்தவர்களின் அறியாமையை எங்கிருந்து கொண்டுவருவது? படம் பார்க்காதவர்களுக்குக்கூட அந்தக் காட்சி தெரியும்.

தொலைக்காட்சியிலும் இதே பாடம் உண்டு. பிரிட்டனின் 'தி ஆபீஸ்' தொடரை அமெரிக்காவில் எடுத்தபோது முதல் அத்தியாயம் பெரும்பாலும் பிரிட்டிஷ் வசனத்தையே பின்பற்றியது. அது ஒட்டவில்லை. இரண்டாவது பருவத்திலிருந்து மேலாளர் பாத்திரத்தை மாற்றினார்கள். மற்றவர்களின் அன்புக்காக ஏங்கும் ஒரு மனிதன் அவருக்குள் தெரியத் தொடங்கினான். அதன் பிறகுதான் அந்தத் தொடர் தன் சொந்தக் காலில் நின்று 200 அத்தியாயங்களைத் தாண்டியது.

தொடர் என்பது காலம் என்பதை மறப்பது

எனக்கு மிகவும் வலிக்கும் தவறு இது.

'தி ஃப்யூஜிடிவ்' தொடர் 1963 முதல் 1967 வரை 120 அத்தியாயங்கள் ஓடியது. சுமாராகக் கணக்கிட்டால் நூறு மணி நேரம். ஒரு சூனியக்காரியின் குடும்ப வாழ்க்கையைச் சொன்ன நகைச்சுவைத் தொடர் 'பிவிட்ச்ட்' 1964 முதல் 1972 வரை 254 அத்தியாயங்கள். ஒரு தொடரை நாம் நேசிப்பது அதன் கதைக்காக மட்டும் இல்லை. பல தொடர்களில் கதை என்று பெரிதாக எதுவும் இருப்பதே இல்லை. வாராவாரம் அதே கூடத்தில் அதே ஆட்கள் உட்கார்ந்து பேசுவார்கள். கதவைத் திறந்துகொண்டு யார் வருவார், வந்ததும் என்ன சொல்வார் என்பது நமக்கு முன்பே தெரியும். தெரிந்தே காத்திருப்போம். ஒருவருடன் எட்டு ஆண்டுகள் பழகியதால் வரும் நெருக்கம் அது. அதை இரண்டு மணி நேரத்தில் உண்டாக்க முடியாது.

முடியாது என்பதைப் படம் எடுப்பவர்கள் ஒப்புக்கொள்ளாததிலிருந்துதான் தொல்லை தொடங்குகிறது. பழகிய நெருக்கத்துக்கு ஈடாக அடையாளங்களை அடுக்குகிறார்கள். தொடக்க இசை, புகழ்பெற்ற ஒற்றை வசனம், பழைய நடிகர் ஒருவரின் ஐந்து விநாடித் தோற்றம். அதுவும் போதாதென்றால் பிரம்மாண்டம். 1960களின் 'வைல்ட் வைல்ட் வெஸ்ட்' தொடரை 1999இல் படமாக்கியபோது ராட்சத இயந்திரச் சிலந்தி ஒன்று பாலைவனத்தில் நடந்தது. இரண்டு உளவாளிகளுக்கிடையே இருந்த இயல்பான தோழமை அந்தச் சிலந்தியின் காலடியில் நசுங்கிப் போனது. 2005இல் வந்த 'பிவிட்ச்ட்' இன்னொரு வகை. அந்தத் தொடரை மீண்டும் எடுக்க முயலும் நடிகர்களைப் பற்றியதாகக் கதையை அமைத்தார்கள். மூலத்தை எப்படிப் படமாக்குவது என்று தெரியாத தயக்கமே கதையாகிவிட்டது என்று எனக்குப் பட்டது.

அப்படியானால் 1993இல் வந்த 'தி ஃப்யூஜிடிவ்' படம் எப்படி வென்றது? சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை வரை போனதே! அந்தத் தொடருக்குள் ஒரு படத்துக்கான வடிவம் முதலிலிருந்தே இருந்தது என்பதே காரணம். செய்யாத கொலைக்குத் தண்டிக்கப்பட்ட மருத்துவர் தப்பி ஓடுகிறார். ஓட்டம் என்றாவது முடிய வேண்டும். தொடரும் 1967 ஆகஸ்டில் அந்த ஓட்டத்தை முடித்துக் காட்டியது. படம் எடுத்தவர்கள் நூறு மணி நேரத்தைச் சுருக்கித் தர முயலவில்லை. ரயில் விபத்தையும், துரத்துபவர், துரத்தப்படுபவர் என்ற இருவரையும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். நீர் பாய்ந்து விழும் சுரங்கக் குழாயின் விளிம்பில் மருத்துவர், மனைவியைத் தான் கொல்லவில்லை என்கிறார். துப்பாக்கியுடன் நிற்கும் அதிகாரியோ, அதைப்பற்றி எனக்குக் கவலையில்லை என்கிறார். பிடிப்பது மட்டுமே அவர் வேலை. அந்த அக்கறையின்மை காட்சிக்குக் காட்சி கரைந்து, கடைசியில் அவரே கைவிலங்கைக் கழற்றிவிடும் இடத்துக்கு வந்து சேர்கிறது. டாமி லீ ஜோன்ஸ் அந்த வேடத்துக்கு ஆஸ்கர் பெற்றார். தொடரைப் பார்த்தேயிராத ஒருவருக்கும் அந்த இருவரின் உறவு முழுமையாகக் கிடைக்கும்.

எந்தத் தொடரையாவது படமாக்க நினைப்பவர் முதலில் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்: இதற்குள் ஒரு முடிவை நோக்கிப் போகும் கதை இருக்கிறதா, அல்லது ஒரு வீடும் அதில் வாழும் மனிதர்களும் மட்டும் இருக்கிறார்களா? வீடு மட்டும்தான் என்றால் படமாக எடுக்காதீர்கள். தொடராகவே தொடருங்கள். காலத்தில் பயணம் செய்யும் ஒருவரைப் பற்றிய பிரிட்டிஷ் தொடர் 'டாக்டர் ஹூ' 1989இல் நின்றது, 2005இல் திரும்ப வந்தது. பழைய கதையை அழித்து முதலிலிருந்து தொடங்கவில்லை; விட்ட இடத்துக்கு அப்பாலிருந்து அதே மனிதரின் பயணம் நீண்டது.

மூலத்தைக் கேலி செய்வது, அல்லது காட்டிக்கொடுப்பது

பழைய தொடரின் அப்பாவித்தனத்தைப் பார்த்து இன்றைய படம் சிரிக்கும்போது, அதை நேசித்தவர்களையும் சேர்த்தே சிரிக்கிறது. நகைச்சுவைக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. 1995இல் வந்த 'தி பிரேடி பன்ச் மூவி', ஒரு பெரிய குடும்பத்தைப் பற்றிய பழைய நகைச்சுவைத் தொடரின் படம். அது அந்தக் குடும்பத்தை 1970களிலேயே நிறுத்திவைத்து, சுற்றியுள்ள உலகத்தை மட்டும் 1990களுக்கு நகர்த்தியது. நாம் சிரிக்கிறோம், ஆனால் அந்தக் குடும்பத்தின் பாசத்தைப் படம் ஒரு கணமும் கீழே போடவில்லை.

'மிஷன்: இம்பாசிபிள்' கதை இன்னும் சிக்கலானது. தொடரில் பல ஆண்டுகள் உளவுக் குழுவை வழிநடத்திய பாத்திரமான ஜிம் ஃபெல்ப்ஸ், 1996 படத்தில் துரோகியாக மாற்றப்பட்டார். பழைய தொடரில் நடித்தவர்கள் சிலர் இதை வெளிப்படையாகவே குறை கூறினார்கள். படம் பெரும் வெற்றி பெற்று, பல பாகங்களாக வளர்ந்தது என்பதும் உண்மை. இருந்தாலும் அந்தத் திருப்பத்துக்கு ஒரு புதுப் பாத்திரத்தைப் படைத்திருக்கலாம். ஏழு பருவங்கள் ஓடிய ஒரு தொடரின் தலைவரை, பார்வையாளரை ஒருமுறை அதிரவைப்பதற்காகச் செலவழித்துவிட்டார்கள்.

முடிவை இனிப்பாக்குவது

'தி வானிஷிங்' பார்க்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

1988இல் ஜார்ஜ் ஸ்லூய்சர் எடுத்த டச்சுப் படம் அது. நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஒரு பெண் காணாமல் போகிறாள். காதலன் மூன்று ஆண்டுகளாகத் தேடுகிறான். ஒரு கட்டத்தில் அவள் திரும்பக் கிடைப்பதைவிட, அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிடுகிறான். கடத்தியவனே நேரில் வந்து ஒரு பேரம் வைக்கிறான்: அவள் அனுபவித்ததை நீயும் அனுபவி, தெரிந்துகொள்வாய். மயக்க மருந்து கலந்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காதலன் தவிக்கிறான், பிறகு குடிக்கிறான். கண் விழிக்கும்போது இருட்டு. லைட்டரைப் பற்றவைக்கிறான். சவப்பெட்டியின் பலகை தெரிகிறது. மேலே மண்.

1993இல் அமெரிக்க ரீமேக்கையும் அதே இயக்குநரே எடுத்தார். அதில் நாயகனின் புதிய காதலி வந்து மண்ணைத் தோண்டி அவனைக் காப்பாற்றிவிடுகிறாள். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வெறிக்கு ஒரு மனிதன் என்ன விலை கொடுப்பான் என்பதுதான் கதை. விலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கதையே இல்லை. ஒரே இயக்குநர், ஒரே கதை, முடிவு மட்டும் வேறு; அதனாலேயே இந்தத் தவறைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

முடிவைத் தொடவே கூடாது என்றும் விதி போட முடியாது. 2013இல் வந்த மலையாள 'த்ரிஷ்யம்' தமிழில் 'பாபநாசம்' ஆனது. சீன மொழிக்கும் போனது. சீன வடிவத்தில் தந்தை கடைசியில் தானே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். மூலத்தின் பலத்துக்கு அது ஈடாகாது என்பது என் கருத்து. ஆனாலும் குடும்பத்துக்காக எதையும் செய்யும் ஒரு தந்தை என்ற அச்சாணி அங்கே கழன்றுவிடவில்லை.

தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது என்பதே காரணமாவது

1994இன் 'தி லயன் கிங்' கையால் வரையப்பட்டது. 2019இல் நிஜச் சிங்கங்கள் போலவே கணினியில் உருவாக்கினார்கள். இறந்து கிடக்கும் தந்தையின் அருகே குட்டி நிற்கும் காட்சியை இரண்டிலும் அடுத்தடுத்துப் பார்த்தேன். பழையதில் புருவம் மேலேறுகிறது, உதடு நடுங்குகிறது, கண் தளும்புகிறது. புதியதில் ஒவ்வொரு மயிரிழையும் காற்றில் அசைகிறது. முகம் அசையவில்லை. நிஜச் சிங்கத்துக்கு அழத் தெரியாது. படம் அரை மணி நேரம் நீண்டிருக்கிறது. அந்த முகத்தில் ஒரு துளி துக்கம் கூடவில்லை.

அந்தப் படம் உலகம் முழுவதும் 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆகவே தவறுகளைப் பட்டியலிடும்போது நம்மையும் விட்டுவிட முடியாது. பார்த்துவிட்டுத் திட்டுவோம் என்று நாம் வாங்கும் டிக்கெட்டும் வரவேற்பாகவே எண்ணப்படுகிறது. இன்னொன்று, கோபத்தை நடிகர்கள் மீது கொட்டுவது. 2016இல் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' மறுபடி எடுக்கப்பட்டபோது அதில் நடித்த ஒருவர் இணைய வசவுகளைத் தாங்க முடியாமல் ட்விட்டரிலிருந்து சில காலம் விலக நேர்ந்தது. எந்தத் தலைப்பை எடுப்பது என்று முடிவு செய்தது அவர் இல்லை.

புதியதைப் பிடிக்காவிட்டால் பழையது அப்படியேதான் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். நானும் அப்படி நினைத்து ஆறுதல் கொண்டதுண்டு. ஆனால் எல்லாம் அப்படியே இல்லை. 1960களிலும் 70களிலும் பிபிசி தன் பழைய ஒளிநாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. 'டாக்டர் ஹூ'வின் ஆரம்பகால அத்தியாயங்களில் 90க்கும் மேற்பட்டவை இன்றும் காட்சியாகக் கிடைக்கவில்லை. ஆனால் அவை ஒவ்வொன்றின் ஒலியும் இருக்கிறது. ஒளிபரப்பான நாளில் ரசிகர்கள் தங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்து, பத்திரமாக வைத்திருந்தார்கள். தொலைந்த அத்தியாயங்கள் சிலவற்றுக்கு இப்போது அந்த ஒலியின் மேல் அசைவோவியம் வரைந்து வெளியிடுகிறார்கள். பழைய தொடர் ஒன்றுக்குச் செலவழிக்க யாரிடமாவது பணம் இருந்தால், முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த டேப்புகள்தான்.