வயரிங் வேலையிலிருந்து மேடை விளக்குக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்து, சில ஆண்டுகள் கட்டடங்களுக்கு வயரிங் செய்துவிட்டு, நாடகத்துக்கும் நடனத்துக்கும் விளக்குப் போட வரும் இளைஞர்களை மார்கழி தோறும் சென்னை சபாக்களில் பார்க்கிறேன். நானும் அதே வழியில் வந்தவன். எங்கள் காலத்தில் நாங்கள் செய்த தவறுகளையே இவர்களும் செய்கிறார்கள். ஹாலோஜன் பல்பை வெறுங்கையால் தொடக்கூடாது, ஈரக் கையோடு பிளக்கைப் பிடிக்கக்கூடாது என்பதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். வயரிங் நன்றாகத் தெரிந்தவர்கள், அது தெரிந்த காரணத்தாலேயே செய்யும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நியூட்ரலை இளக்காரமாக நினைப்பது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்குக் கோபம் வரும். மின்சாரம் வரும் மூன்று ஃபேஸ் வயர்களிலும் லோடு சமமாக இருந்தால், அது திரும்பும் நியூட்ரல் வயரில் கரண்ட் இருக்காது என்று படித்திருக்கிறோம். கட்டட வேலையில் மூன்றரை கோர் கேபிள் புழங்குவது அந்த நம்பிக்கையில்தான். அதில் ஃபேஸ் 35 சதுர மில்லிமீட்டர் என்றால் நியூட்ரல் 16 மட்டுமே. கட்டடத்துக்கு அது போதலாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைத்த மேடைக்குப் போதாது.

டிம்மர், விளக்குக்குப் போகும் மின்சாரத்தின் ஒவ்வோர் அரை அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிடுகிறது. விளக்கு முழுமையாக எரியும்போது மூன்று ஃபேஸின் அலைகளும் நியூட்ரலில் ஒன்றையொன்று அடித்து இல்லாமலாக்கிவிடும். பாதி வெளிச்சத்துக்கு இறக்கினால் வெட்டுப்பட்ட துண்டுகள் அப்படி அடித்துக்கொள்வதில்லை. 50 ஹெர்ட்ஸின் மும்மடங்கான 150 ஹெர்ட்ஸ் கரண்ட், மூன்று ஃபேஸிலிருந்தும் ஒரே நேரத்தில் நியூட்ரலில் வந்து சேர்ந்து கூடுகிறது. சில நிலைகளில் ஃபேஸில் ஓடுவதைவிட நியூட்ரலில் ஓடுவது அதிகம். 1000 வாட் பார் (PAR) மேடை விளக்கு ஒன்று நான்கு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். ஃபேஸுக்குப் பத்து விளக்கு என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு கொடுமை, சோதனையிலும் இது பிடிபடாது. எல்லா விளக்கையும் முழுமையாக எரியவிட்டு, கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினால் நியூட்ரலில் ஏறக்குறைய ஒன்றும் காட்டாது. ஒரு கோயில் திருவிழா நாடகத்தில், கட்டட வேலையிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவர் அப்படித்தான் மீட்டரைக் காட்டி, "பாருங்கள் அண்ணா, நியூட்ரலில் கரண்டே இல்லை" என்றார். ஜெனரேட்டரிலிருந்து மேடை வரை அவர் இழுத்திருந்தது மூன்றரை கோர் கேபிள். வேறு கேபிள் போடச் சொன்னேன். வாடகைக்கு விளக்குக் கொடுத்தவர், இருப்பதை வைத்து இன்று ஓட்டுங்கள் என்று முடித்துவிட்டார். அன்றைய நாடகத்தில் மரணக் காட்சி நீளமானது. மேடை முழுவதும் பாதி வெளிச்சத்தில் நெடுநேரம் நின்றது. நியூட்ரல் வயரின் நுனியில் இருக்கும் லக் (இணைப்பு முனை) சூடேறி, கருகி, விட்டுப்போனது.

நியூட்ரல் விட்டால் விளக்கு அணைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். லோடு அதிகமுள்ள ஃபேஸில் வோல்டேஜ் இறங்கும். லோடு குறைந்த ஃபேஸில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 300, 350 என்று ஏறும். விளக்குகளை இயக்கும் கன்சோல், எல்.இ.டி., ஒலிபெருக்கியின் ஆம்ப்ளிஃபயர் போன்ற விலை உயர்ந்த பொருள்கள் எல்லாம் அந்த லோடு குறைந்த ஃபேஸில்தான் இருக்கும். அன்றும் அப்படித்தான் இருந்தன. எல்லாம் போயின. பிணமாகப் படுத்திருந்த நடிகர் இருட்டில் எழுந்து, தடவித் தடவி இறங்கினார். அந்தத் தம்பியின் பல மாதக் கூலியில் நஷ்டத்தைப் பிடித்தார்கள். அவர் மறுபடி வயரிங் வேலைக்கே போய்விட்டார். நல்ல கை அவருக்கு. ஒரு கேபிளை மிச்சம் பிடிக்கப் போய் இந்தத் தொழில் அவரை இழந்தது.

ஆகவே, மேடைக்கு நியூட்ரல் குறைந்தது ஃபேஸ் அளவுக்காவது இருக்க வேண்டும். டிம்மர் அதிகம் என்றால் இரட்டிப்பாக இருப்பது நல்லது. விளக்குகளைப் பாதிக்கு இறக்கி வைத்து அளந்து பாருங்கள். அதற்கும், வெட்டுப்பட்ட அலையையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர்தான் வேண்டும். வெட்டுப்பட்ட அலையை மலிவு மீட்டர் குறைத்துக் காட்டும். மெயின் கேபிளை மாட்டும்போது எர்த்துக்கு அடுத்து நியூட்ரல், பிறகுதான் ஃபேஸ். கழற்றும்போது முதலில் ஃபேஸ். நியூட்ரலில் மட்டும் தனியாக ஃபியூஸோ சுவிட்சோ வைக்கவே கூடாது. இடைவேளையில் லக் இருக்கும் பெட்டிக்கு அருகில் போய் நில்லுங்கள். கருகல் வாடை அடித்தால் தெரிந்துவிடும். இப்போது எல்லாம் எல்.இ.டி. ஆகிவிட்டதே என்று கேட்பார்கள். மலிவான எல்.இ.டி. விளக்குகளின் பவர் சப்ளையும் இதே 150 ஹெர்ட்ஸ் தொல்லையைத் தரும்.

மூவிங் ஹெட்டை டிம்மரில் செருகுவது

கூடாது. மோட்டாரால் தானாகத் திரும்பும் அந்த விளக்குக்கு டிம்மர் வழியாக இல்லாமல் நேர் சப்ளை மட்டுமே.

கன்டினியூட்டி வந்தால் வயர் நல்லது என்று நம்புவது

வயர் நடுவில் அறுபடவில்லை என்று மீட்டர் காட்டினால் போதும் என்பது பவர் வயருக்குச் சரி. ஆனால் கன்சோலிலிருந்து விளக்குகளுக்குக் கட்டளை கொண்டு போகும் டி.எம்.எக்ஸ். வயரில் 512 சேனல்களின் செய்தி, நொடிக்கு இரண்டரை லட்சம் பிட் வேகத்தில் ஓடுகிறது. மைக் வயரின் பின்னும் அதில் பொருந்தும் என்பதற்காக அதைச் செருகுகிறார்கள். மீட்டர் பீப் அடிக்கிறது, விளக்கும் எரிகிறது. நடனம் தொடங்கியதும் கடைசியில் இருக்கும் விளக்குகள் தானாகத் துடிக்கின்றன. டி.எம்.எக்ஸுக்கு உரிய 120 ஓம் வயரையே வாங்குங்கள். விளக்கிலிருந்து விளக்குக்கு வரிசையாகவே எடுத்துச் செல்லுங்கள். வீட்டு வயரிங்கில் ஜங்ஷன் பெட்டியிலிருந்து பிரிப்பதுபோல் நடுவில் கிளை பிரிக்க வேண்டாம். கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் (வரிசையை முடிக்கும் மின்தடை) மாட்டுங்கள். ஒரு வரிசையில் 32 கருவிகளுக்கு மேல் வேண்டுமென்றால், சிக்னலைப் பல வரிசைகளாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் வையுங்கள்.

பாதுகாப்புச் சங்கிலி இல்லாமல் விளக்கைத் தொங்கவிடுவது

கீழே ஆள் இருக்கிறார்.

எங்கும் ஒரே வெளிச்சம் போடுவது

வீட்டிலும் கடையிலும் நிழல் விழாமல் வெளிச்சம் போட்டால் பாராட்டுவார்கள். அந்தப் பழக்கத்தோடு வந்து, மேடைக்கு நேர் எதிரே விளக்குகளை வரிசையாக வைத்துவிடுகிறார்கள். முகம் தட்டையாகிவிடும். மூக்கும் கண்குழியும் தெரியாவிட்டால் அபிநயம் எங்கே தெரியும்? முன்பக்கம் இருபுறமிருந்தும் 45 டிகிரி அளவில் சாய்வாக வரும் ஒளி முகத்துக்கு. பக்கவாட்டு ஒளி உடலுக்கு. பரதத்தில் அரைமண்டியின் வடிவம் எடுப்பாகத் தெரிவது அதனால்தான். பின்னாலிருந்து வரும் ஒளி ஆளைத் திரையிலிருந்து பிரித்துக் காட்டும். இவை போக மற்ற இடங்கள் இருட்டாக இருக்கட்டும். கொல்கத்தாவின் மினர்வா அரங்கில் 1959-ல் ஒளியமைப்பாளர் தாபஸ் சென், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுவதை ஒளியைக் கொண்டே காட்டினார். எதைக் காட்டக்கூடாது என்று தெரிந்தவரால்தான் அது முடியும்.

கனெக்‌ஷன் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது

ஒத்திகையில் உட்காருங்கள். எந்த வரியில் யார் எங்கே திரும்புகிறார், எந்த ஜதி முடிந்ததும் விளக்கு மாற வேண்டும் என்று உங்கள் நோட்டில் நீங்களே எழுதுங்கள். நட்டுவாங்கம் செய்பவரிடம் கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்வார்கள். ஒத்திகைக்குக் கூலி தரமாட்டார்கள் என்று பலர் வருவதில்லை. தொடக்கத்தில் சம்பளம் இல்லாவிட்டாலும் வாருங்கள், பிறகு கேட்டு வாங்குங்கள்.

பழைய வேலையை ஒரேயடியாக விடுவது

மழைக்காலத்தில் வெளியரங்க நிகழ்ச்சி குறைவு. வயரிங் வேலையைக் கையில் வைத்திருங்கள். வயர்மேன் உரிமத்தையும் காலாவதியாக விடாதீர்கள்.