பழைய கான் ரயில் பாதையில் மிதிவண்டிப் பயணம்

தென் ஆஸ்திரேலியாவில் மர்ரீ என்னும் சிற்றூரிலிருந்து ஊட்னடாட்டா வரை ஏறத்தாழ 405 கிலோமீட்டர் செல்லும் மண்சாலை, 1980-இல் கைவிடப்பட்ட கான் ரயில் பாதையை ஒட்டியே அமைந்துள்ளது. மலைச்சாலை மிதிவண்டி வைத்திருப்போரும், பல நாள் தனிமையைத் தாங்கக்கூடியோரும் ஆறேழு நாட்களில் இதைக் கடக்கலாம். ஏற்றம் மிகக் குறைவு. கடினம் முழுவதும் தண்ணீரிலும் தொலைவிலும்தான் இருக்கிறது.

இந்தப் பாதை ஏன் இவ்வழியாகப் போடப்பட்டது என்பதை அறிந்துகொண்டால் பயணத் திட்டத்தில் பாதி முடிந்துவிடும். ஆர்ட்டீசியன் நீர், அதாவது அழுத்தத்தில் அடைபட்டுள்ள நிலத்தடி நீர், இப்பகுதியில் ஊற்றுகளாகத் தானே மேலெழுகிறது. ஆய்வுப் பயணி ஜான் மெக்டவல் ஸ்டூவர்ட் அந்த ஊற்றுகளைப் பற்றிக்கொண்டே வடக்கு நோக்கி நடந்து, 1862-இல் கண்டத்தைக் குறுக்காகக் கடந்தார். 1872-இல் முடிந்த தந்திக் கம்பித் தடமும் அதே வழியைப் பின்பற்றியது. நீராவி எஞ்சினுக்கும் வழியெங்கும் தண்ணீர் வேண்டியிருந்ததால் ரயிலும் அங்கேயே வந்தது. தண்டவாளம் 1884-இல் மர்ரீயையும், 1891-இல் ஊட்னடாட்டாவையும், 1929-இல் கண்டத்தின் நடுவிலுள்ள அலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரையும் எட்டியது. ஆகவே நாள் ஒன்றுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிடாமல், ஒரு நீர்நிலையிலிருந்து அடுத்த நீர்நிலை வரை என்று எஞ்சின் ஓட்டுநரைப் போலக் கணக்கிடுங்கள்.

மே முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலமே ஏற்ற பருவம். இரவில் வெப்பம் உறைநிலையை நெருங்கக்கூடும் என்பதால் நல்ல தூக்கப்பை அவசியம். கோடையில் செல்வதைப் பற்றி எண்ணவே வேண்டாம். 1960 ஜனவரி 2 அன்று ஊட்னடாட்டாவில் 50.7 பாகை செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. குளிர்காலத்திலும் மழையைக் கவனிக்க வேண்டும். வெள்ளம் இந்த ரயில் பாதையை மீண்டும் மீண்டும் அரித்துச் சென்றதே, மேற்கே தள்ளிப் புதிய பாதை அமைக்க முக்கியக் காரணமாயிற்று. சிறு மழைக்கே களிமண் சக்கரத்தில் அப்பிச் சட்டகத்துக்குள் இறுகிவிடும், சாலையும் மூடப்படும். மூடிய சாலையில் செல்வது குற்றம் என்பதோடு, ஈரமண்ணில் பதியும் தடம் காய்ந்த பிறகு பிறருக்கும் இடையூறாகும். மாநிலப் போக்குவரத்துத் துறை வெளியிடும் சாலை நிலவரத்தைப் புறப்படும் நாள் காலையில் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

மிதிவண்டிக்கு 2.2 அங்குலத்துக்குக் குறையாத அகல டயர் வேண்டும். டியூப் இல்லாத டயரில் துளையடைக்கும் திரவம் ஊற்றிக்கொள்வது நல்லது. சாலையில் குறுக்குவாட்டாக வரிவரியாய்ப் படிந்திருக்கும் மேடுபள்ளங்கள் திருகாணிகளைத் தளர்த்திவிடுவதால், மாலைதோறும் சுமைத்தாங்கியின் ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கிப் பாருங்கள். மணல் வந்தால் காற்றழுத்தத்தைக் குறையுங்கள். அப்படியும் சக்கரம் புதைந்தால் இறங்கித் தள்ளுவதே விரைவானது. கூடுதல் டியூப் இரண்டு, டயர் ஒன்று, செயின் இணைப்பு, ஸ்போக் கம்பிகள், பிரேக் கட்டைகள் ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். வழியில் மிதிவண்டிக் கடை எதுவும் இல்லை.

தண்டவாளம் பெயர்க்கப்பட்ட கரைமேட்டின் மீதே ஓட்டிச் செல்லும் ஆசை எவருக்கும் எழும். நம் மீட்டர்கேஜைவிடச் சற்றே அகலமான, 1,067 மில்லிமீட்டர் இடைவெளிப் பாதை அது. சமதளமாக, நேராக, அழைப்பது போலவே தெரியும். ஆனால் கட்டைகளோடு தண்டவாளத்தைப் பிணைத்திருந்த இரும்பு ஆணிகள் இன்றும் ஜல்லிக்குள் கிடக்கின்றன. அவை கிழிக்கும் டயரை எந்தத் திரவமும் காப்பாற்றாது. மரப்பாலங்கள் உளுத்துப்போயுள்ளன. கரைமேட்டில் ஏறிப் பார்ப்பதானால் நடந்தே ஏறுங்கள். பாலங்களின் மேல் செல்லாதீர்கள்.

தண்ணீர்க் கணக்கு இதுதான்: குடிக்கவும் சமைக்கவும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 லிட்டராவது வேண்டும், அதற்கு மேல் ஒரு நாள் கையிருப்பும் வேண்டும். மர்ரீயிலிருந்து ஏறத்தாழ 104 கிலோமீட்டரில் கர்டிமுர்கா நிலையக் கட்டடமும், ஊற்றுநீரின் உப்பு எஞ்சின் கொதிகலனைக் கெடுக்காதபடி நீரை மென்மையாக்கிய கோபுரமும் நிற்கின்றன. அங்கே குடிநீர் கிடைக்குமென்று நம்பிச் செல்லக் கூடாது. சுமார் 130 கிலோமீட்டரில் உள்ள கவர்ட் ஸ்பிரிங்ஸில், ரயிலுக்காக 1886-இல் துளையிட்ட ஆழ்கிணறும், அதனால் உருவான சதுப்பும், பழைய பேரீச்ச மரங்களும், முகாமிடும் இடமும் உண்டு. குடிநீர் பற்றி முகாமை நடத்துவோரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் வில்லியம் கிரீக். ஒரு விடுதியும் மிகச் சில குடியிருப்போரும் மட்டுமே கொண்ட ஊர். சாப்பாடு, நீர், ஒரு நாள் ஓய்வு மூன்றையும் இங்கே முடித்துக்கொள்ளலாம்.

வழியில் ஏர் ஏரியின் தென்கரையையும், மண்மேட்டின் உச்சியில் நீர் குமிழியிடும் ஊற்றுகளையும் காண்பீர்கள். ஏரியின் மற்றொரு பெயர் காட்டி தாண்டா. அது அரபானா பழங்குடி மக்களுக்குப் புனிதமான இடம். ஏரியின் உப்புத் தரையில் இறங்காமல் கரையிலிருந்தே பாருங்கள். பாலைவனத்தின் நடுவே தனித்துப் பிழைத்திருக்கும் சிற்றுயிர்கள் அந்த ஊற்றுகளில் வாழ்கின்றன. குளிக்கவோ பாத்திரம் கழுவவோ வேண்டாம் என்று மனமார வேண்டுகிறேன்.

வில்லியம் கிரீக்கிலிருந்து ஊட்னடாட்டா வரையுள்ள 200 கிலோமீட்டரே உண்மையான சோதனை. இடையில் கடை இல்லை. மூன்று நாளுக்கு 18 லிட்டரும் கையிருப்பு 6 லிட்டருமாக 24 கிலோ நீர்ச்சுமை ஆகும். அதனால் மணலில் வண்டி திணறும். வடக்கே செல்லும் வாகனத்தாரிடம் வில்லியம் கிரீக்கிலேயே பேசி, வழியில் குறித்த இடத்தில் ஒரு கேன் தண்ணீர் வைத்துவிட்டுப் போகக் கேட்பது நடைமுறைக்கு ஏற்றது. ஆயினும் அது தவறிப்போனாலும் சமாளிக்கும் அளவு உங்களிடம் இருந்தாக வேண்டும். காலியான கேனைச் சுமந்து வருவதும் உங்கள் பொறுப்பு. ஊட்னடாட்டாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் முன்பு, 1892-இல் முடிந்த 578 மீட்டர் நீள அல்ஜிபக்கினா இரும்புப் பாலம் நீல்ஸ் ஆற்றின் மேல் நிற்கிறது. அதனடியில் உள்ள மடுவில் நீர் நிற்கும். கால்நடைகளும் குடிக்கும் நீராதலால், வேறு வழியில்லாதபோது மட்டும் வடிகட்டிக் கொதிக்கவைத்துப் பயன்படுத்துங்கள். அந்தி வெயில் இரும்பில் படும் நேரத்தில் அங்கு சேருமாறு நாளை அமைத்துக்கொண்டால், அந்த ஒரு காட்சிக்கே இத்தனை தூரம் மிதித்துவந்தது தகும்.

ஊர்களை விட்டு வெளியேறியதும் கைபேசி இணைப்பை நம்ப முடியாது. செயற்கைக்கோள் வழி அபாய அறிவிப்புக் கருவியை உங்கள் பெயரில் பதிவுசெய்து, பையில் வைக்காமல் உடலோடு கட்டிக்கொள்ளுங்கள். எந்த நாள் எங்கே சேருவீர்கள் என்பதை ஊரில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். வண்டியோ உடலோ பழுதானால் சாலையை விட்டு நகராமல் நிழல் அமைத்துக் காத்திருங்கள். வாகனம் எதிர்ப்பட்டால் புழுதி அடங்கும் வரை ஓரமாக நில்லுங்கள்.

ஊட்னடாட்டாவில் பழைய கல்கட்டட ரயில் நிலையம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ 210 கிலோமீட்டரில் மார்லாவுக்கோ, தென்மேற்கே சுமார் 195 கிலோமீட்டரில் கூபர் பீடிக்கோ சென்றால் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையை அடையலாம். பழைய தடத்தையே பிடித்து ஃபின்க் என்னும் சிற்றூர் வழியாக அலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை செல்லும் பகுதி ஆழ்ந்த மணல் நிறைந்தது. முதல் பயணத்தில் அதைச் சேர்க்க வேண்டாம்; இரண்டாம் முறை செல்வதானால், அத்தடத்தை ஒட்டி மோட்டார் பந்தயம் நடக்கும் ஜூன் மாத நீண்ட வார இறுதியைத் தவிர்த்து நாளைக் குறியுங்கள்.