தமிழ்நாட்டின் வாக்கு மாற்றத்தை எண்களில் படிப்பது எப்படி?

கட்சிகளின் வாக்கு சதவீதத்தை ஆண்டுவாரியாகக் கோடு வரைந்து பார்த்தால் போதும் என்று தோன்றும். தமிழ்நாட்டில் அந்தக் கோடு ஏமாற்றிவிடும். 1967-இல் காங்கிரஸ் பெற்றது 41.10 சதவீதம், திமுக 40.69. இடங்களோ 51, 137! காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் நின்றது. திமுக நின்றது 174-இல்தான்.

எனவே தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையைத் திறந்து, கட்சிக்கு ஒரு வரிசையில் நான்கு எண்களைக் குறியுங்கள்: நின்ற இடம், வென்ற இடம், மாநில அளவு சதவீதம், நின்ற தொகுதிகளில் மட்டும் பெற்ற சதவீதம். கடைசி எண்தான் உயிர். 2006-இல் அதிமுக 32.64, திமுக 26.46. ஆனால் அதிமுக 188 இடங்களிலும் திமுக 132-இலும் நின்றன. நின்ற இடங்களை மட்டும் கணக்கிட்டால் திமுக 45-ஐத் தாண்டும், அதிமுக 41-ஐ ஒட்டி நிற்கும்.

அடுத்து, ஒவ்வொரு வேட்பாளருக்கும் அணியின் பெயரை எழுதுங்கள். பாமக 2001-இல் அதிமுக அணி, 2006-இல் திமுக அணி, 2016-இல் தனி, 2021-இல் மறுபடி அதிமுக அணி. இதைக் குறிக்காவிட்டால் கட்சி இடம் மாறியதை வாக்காளர் மனம் மாறியதாக எழுதிவிடுவீர்கள். சின்னத்தையும் கவனியுங்கள்: 2021-இல் திமுக கணக்கிலுள்ள 133-இல் 8 பேர் உதயசூரியனில் வென்ற தோழமைக் கட்சியினர்.

எதிர்த்தரப்பு பிளவுபட்டதா என்பதையும் பாருங்கள். 1984-இல் சுமார் 29 சதவீதம் பெற்ற திமுக, 1989-இல் 33-க்குத்தான் ஏறியது. இடங்களோ 24-லிருந்து 150. அதிமுக ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று உடைந்திருந்தது, காங்கிரஸும் தனியே நின்றது.

தொகுதிவாரி ஒப்பீட்டை 1977 முதல் 2006 வரை ஒரு தொகுப்பாகவும், 2011 முதல் மற்றொன்றாகவும் வையுங்கள். இடையில் தொகுதி எல்லைகளின் மறுசீரமைப்பு நடந்தது. பெயர் அதேயாக இருந்தாலும் எல்லை வேறு.

மக்களவை எண்களைச் சட்டமன்றக் கோட்டில் சேர்க்கவே கூடாது. 1980 ஜனவரியில் திமுக–காங்கிரஸ் அணி 39-இல் 37-ஐ வென்றது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலிலேயே அதிமுக 129 இடங்களை வென்று, எம்.ஜி.ஆர். ஆட்சிக்குத் திரும்பினார்.

வாக்குச்சாவடி வரை இறங்க விரும்பினால் படிவம் 20, அதாவது சாவடிவாரி வாக்குகளைக் காட்டும் இறுதி முடிவுத் தாள், வேண்டும். சாவடி எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரு சாவடிக்கான வாக்காளர் உச்சவரம்பு மாறினால் எண்களும் நகர்ந்துவிடும். ஊர், தெருப் பெயர்களைக் கொண்டு பொருத்துங்கள். தபால் வாக்குகள் படிவத்தில் தனி வரியில் இருக்கும். எந்தச் சாவடியோடும் சேர்க்க முடியாது.