டர்பன் கோடையில் வீட்டு மரத்துக்கு வரும் வலசைப் பாட்டுப் பறவைகள்: பார்ப்பது எப்படி?

ஐரோப்பாவில் குளிர் தொடங்கிப் பூச்சிகள் அடங்குமுன்பே, அவற்றைத் தின்று வாழும் சின்னப் பறவைகள் தெற்கே கிளம்பிவிடும். அக்டோபர் கடைசியிலிருந்து அவை, டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்க மாகாணமான குவாசுலு-நட்டாலுக்கு வந்து சேரும். பங்குனி உத்திரம் நெருங்கும்போது பெரும்பாலானவை திரும்பப் புறப்பட்டிருக்கும். இவற்றைப் பார்க்கக் காப்புக்காடு தேடிப் போக வேண்டியதில்லை. சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டொங்காட் எங்கே இருந்தாலும், முள்மரமோ பெரிய மாமரமோ நிற்கிற கொல்லைப்புறம் போதும்.

முதல் வேலை, விருந்தாளிகள் வருவதற்கு முன்னே ஊர்ப் பறவைகளின் குரலைப் பழகிக்கொள்வது. கோடையில் இலை அடர்ந்திருக்கும். பத்து கிராம் அளவே உள்ள பறவை கண்ணில் படுமுன் காதில்தான் விழும். செப்டம்பரிலேயே கொண்டைக்குருவி, வெள்ளைக்கண்ணி, மைனா மூன்றையும் பார்க்காமலே சொல்லப் பழகுங்கள். பிறகு புதுக்குரல் ஒன்று கேட்டால் தானாகவே தனித்துத் தெரியும். இந்தப் பழக்கம் இல்லாமல் விலை உயர்ந்த பைனாகுலர் வாங்குவதில் பயன் குறைவு.

டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே வெளுத்துவிடும். அப்போதிலிருந்து ஏழரை வரைதான் நல்ல நேரம். எட்டுக்கு மேல் வெக்கையில் பறவைகள் அடங்கிவிடும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நாற்காலியைப் போட்டு, ஒரே மரத்தை அரை மணி நேரம் பாருங்கள். தோட்டம் முழுக்கச் சுற்றி வருபவருக்கு இலை அசைவுதான் மிஞ்சும்.

பைனாகுலர் 8×32 அல்லது 8×42 போதும் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 32 அல்லது 42 மில்லிமீட்டர் அகலம்). பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் கூடும், காட்சியின் பரப்பும் குறையும். வலக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவு வையுங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தைத் திருப்புங்கள். கண்ணாடி போடுபவர்கள் கண்குழாய் விளிம்பை உள்ளே இறக்கிவிட வேண்டும். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் டர்பன் ஈரப்பதத்தில் லென்ஸ் பனித்துப்போகும். இருபது நிமிடம் முன்னதாகவே வராந்தாவில் வைத்துவிடுங்கள். பறவையைக் கண்டால் பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்தால் பறவை தொலைந்தது.

அதிகம் ஏமாற்றுவது வில்லோ வார்ப்ளர் என்ற கதிர்க்குருவி. பதினொரு சென்டிமீட்டர் நீளம், மங்கிய பச்சை-மஞ்சள் உடல், கண்ணுக்கு மேலே வெளிறிய புருவக்கோடு, வெளிர் கால். முள்மரத்து உச்சியில் ஓயாமல் இலைக்கு இலை தாவிச் சிறு பூச்சிகளைப் பொறுக்கும். வெள்ளைக்கண்ணி என்று பலரும் விட்டுவிடுவது இதைத்தான். வெள்ளைக்கண்ணிக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உண்டு, கூட்டமாக வரும். இதற்கு வளையமில்லை, கோடுதான். கூப்பிடும் குரல் ‘ஹூ-ஈட்’ என்று கீழிருந்து மேலே ஏறும். பாட்டு நேர்மாறு: உயரத்தில் தொடங்கி அவரோகணம் போலப் படிப்படியாக இறங்கி மெலிந்து முடியும். புறப்படுமுன், பிப்ரவரி-மார்ச்சில், நிறையப் பாடும். அதைக் கேட்கவென்றே ஒரு விடியலை ஒதுக்கலாம், அவ்வளவு இனிமை.

புள்ளி ஈப்பிடிப்பானை அதன் நடத்தையே காட்டிக்கொடுக்கும். தாழ்ந்த, இலையில்லாத கிளையில் நிமிர்ந்து உட்காரும், பறந்து பூச்சியைப் பிடிக்கும், பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்பும், உட்கார்ந்ததும் இறக்கையை ஒரு வெட்டு வெட்டும். நெற்றியிலும் மார்பிலும் மெல்லிய கீற்றுகள் தெளிவாக இருக்கும். இங்கேயே வாழும் கருமை ஈப்பிடிப்பான் குட்டையாக, குண்டாக இருக்கும். மார்புக் கோடுகள் கலங்கித் தெரியும்.

ஆப்பிரிக்க அரசவால் ஈப்பிடிப்பான் ஐரோப்பாவிலிருந்து வருவதல்ல. ஆப்பிரிக்காவுக்குள்ளேயே இடம் மாறும், கடற்கரையோரத்தில் சில பறவைகள் ஆண்டு முழுவதும் தங்கும். நீலக் கண்வளையமும் ஆணின் நீண்ட செம்பழுப்பு வாலும் போதும், அடையாளம் தவறாது. கூட்டைச் சிலந்தி நூலால் கட்டி, மேலே மரப்பாசி ஒட்டும். தாய்ப்பறவை விடாமல் கத்தினால் நீங்கள் கிட்டே போய்விட்டீர்கள் என்று பொருள், உடனே பின்வாங்குங்கள். கூட்டருகே போனில் பதிவுக் குரல் போடவே கூடாது. எதிரி வந்ததாக நினைத்து, குஞ்சை விட்டுவிட்டு விரட்டக் கிளம்பும்.

மழை விட்டு ஈசல் கிளம்பும் மாலையைத் தவறவிடாதீர்கள். ஈப்பிடிப்பானும் தகைவிலானும் (ஸ்வாலோ) அங்கே கூடிவிடும். பூச்சிமருந்து அடிக்கும் தோட்டத்துக்கு இவை எதுவும் வராது. சோறு, ரொட்டி வைத்தாலும் தொடாது. தண்ணீர் மட்டும் வையுங்கள்: மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஆழத் தட்டு, அடியில் சொரசொரப்பு, புதரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி. அப்போதுதான் பூனை பதுங்கிப் பாய முடியாது. கொசு முட்டையிடாமல் இருக்க இரண்டு நாளுக்கொரு முறை கொட்டி மாற்றுங்கள்.

தகைவிலான் கூட்டத்துக்கு மட்டும் வீட்டை விட்டுப் போங்கள். கிங் ஷாகா விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள மவுண்ட் மோர்லாண்ட் நாணல்காட்டில், சூரியன் மறைய அரை மணி நேரம் முன்பே இடம் பிடிக்கவும். 2010-இல் அந்த நிலையம் திறந்த காலத்தில் அங்கே அடையும் பறவைகளை முப்பது லட்சம் வரை மதிப்பிட்டார்கள்.

பார்த்ததைப் பேர்ட்லாசர் செயலியில் பதிந்தால், 2007 முதல் நடக்கும் தென்னாப்பிரிக்கப் பறவை அட்லஸ் திட்டத்துக்குப் போய்ச் சேரும். முழுப் பட்டியலாக ஏற்க, குறைந்தது இரண்டு மணி நேரமாவது பார்த்திருக்க வேண்டும். மைனா உட்பட எல்லா இனத்தையும் கண்ட வரிசையிலேயே எழுத வேண்டும். கதிர்க்குருவியின் முதல் குரல் கேட்ட தேதியைப் பலரும் குறிக்கிறார்கள். கடைசியாகக் கேட்ட தேதிதான் விட்டுப்போகும். அதனால் மார்ச் பிறந்ததும் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் குறித்து வையுங்கள்.