பல்லுக்கு கிளிப் போட எவ்வளவு ஆகும்? கொட்டேஷனைப் பிரித்துப் படிக்கும் முறை

ஒரு கிளினிக்கில் முப்பதாயிரம் என்கிறார்கள். அதே தெருவில் இன்னொரு கிளினிக்கில் நாற்பத்தைந்து. விசாரித்துப் பார்த்தால் இரண்டு இடத்திலும் ஒரே ஸ்டீல் கிளிப், ஒரே மாதிரிக் கம்பி. எந்தச் செலவு அந்தத் தொகைக்குள் வருகிறது, எது வெளியே நிற்கிறது என்பதில்தான் பெரும்பாலும் வித்தியாசம். அதைக் கண்டுபிடிக்கும் வழி கீழே. தொகைகள் எல்லாம் தமிழ்நாட்டு நகரங்களின் தனியார் கிளினிக்குகளுக்கான உத்தேசக் கணக்கு. ஊரையும் டாக்டரையும் பொறுத்து ஏறும், இறங்கும்.

படி 1: யார் போடுகிறார் என்று கேளுங்கள்

கிளிப்புக்கான நிபுணர், பி.டி.எஸ். முடித்தபின் மூன்று வருடம் ஆர்த்தோடான்டிக்ஸில் எம்.டி.எஸ். படித்தவர். பல சின்ன கிளினிக்குகளில் இவர் மாதத்தில் ஓரிரு நாள் மட்டும் வந்து போவார். அதில் தப்பில்லை. ஆனால் அவர் பெயர் என்ன, எந்தெந்த நாளில் வருவார், இடையில் கிளிப் கழன்றால் யார் பார்ப்பார் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

படி 2: எக்ஸ்ரே பார்க்காமல் சொன்ன விலையை நம்பாதீர்கள்

எல்லாப் பல்லும் ஒரே படத்தில் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் செஃபலோகிராம் எக்ஸ்ரே, பல் அச்சு அல்லது ஸ்கேன், போட்டோக்கள். இவை பார்த்த பிறகுதான் பல் பிடுங்க வேண்டுமா, தாடை எலும்பிலேயே கோளாறா என்பது தெரியும். வளர்ச்சி முடிந்தவருக்குத் தாடை அமைப்பே பெரிய அளவில் பிசகியிருந்தால் கிளிப்போடு அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். அப்போது செலவு லட்சங்களில் போகும். குழந்தைகளை 7 வயதிலேயே ஒரு தடவை காட்டச் சொல்வதும் இப்படிப்பட்ட கோளாறை வளரும்போதே கண்டுபிடிக்கத்தான். அந்த வயதில் போய்க் காட்டினாலே கிளிப் போட்டுவிடுவார்கள் என்று அர்த்தமில்லை.

எடுத்த எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறினால் இதுதான் கை கொடுக்கும்.

படி 3: வகையைத் தேர்ந்தெடுப்பது

ஸ்டீல் கிளிப் 25,000 முதல் 50,000 வரை. செராமிக் 40,000 முதல் 75,000 வரை. பல்லுக்கு உள்பக்கம் ஒட்டும் லிங்குவல் ஒரு லட்சத்தைத் தாண்டும். கிளிப்புக்குப் பதிலாகப் பல்மேல் கழற்றி மாட்டும் நிறமில்லாத பிளாஸ்டிக் உறையான அலைனர், எளிய கேஸுக்கு ஐம்பது அறுபதாயிரத்தில் தொடங்கி மூன்று லட்சம் வரை போகிறது.

என்னைக் கேட்டால், முதல் தடவை போடும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்டீலே போதும். செராமிக்குக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வெளியே தெரியாமல் இருப்பதற்கு மட்டுமே. பல்லை நகர்த்தும் கம்பி அதேதான். செராமிக் எளிதில் உடையும். மேல்பல் கீழ்பல்லை ஆழமாக மூடும் கேஸில், கீழே ஒட்டிய செராமிக் மேல்பல்லின் எனாமலைத் தேய்த்துவிடும். மேலே முன்பற்களுக்கு மட்டும் செராமிக், மற்றதற்கு ஸ்டீல் என்று கேட்டால் பல டாக்டர்கள் சம்மதிப்பார்கள். விலையும் இடைப்பட்டதாக வரும். செராமிக்கோடு கம்பியைப் பிடித்து வைக்கப் போடும் நிறமில்லாத ரப்பர் வளையம், நம் சாம்பாரிலும் மீன் குழம்பிலும் உள்ள மஞ்சளால் சில நாளிலேயே மஞ்சளாகிவிடும். சாம்பல் நிற வளையம் கேட்டு வாங்குங்கள்.

ரப்பர் இல்லாமல் தானே மூடிக்கொள்ளும் செல்ஃப் லைகேட்டிங் கிளிப்பை ‘சீக்கிரம் முடியும்’ என்று சொல்லி விற்பார்கள். சிகிச்சைக் காலம் குறைகிறது என்று ஆய்வுகளில் உறுதியாகவில்லை. அந்தக் காரணத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

அலைனர் என்றால் ஒரே கேள்வி: முதல் செட் முடிந்தும் பல் சரியாக வராவிட்டால் மறுபடி செய்யும் ரிஃபைன்மென்ட் எத்தனை தடவை இலவசம்? ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் மாட்ட முடியாதவர்களுக்கு அலைனர் வீண் செலவு.

படி 4: தொகைக்குள் என்ன, வெளியே என்ன

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. அதனால் ஒரு கணக்கே போட்டுப் பார்ப்போம். நான்கு பல் பிடுங்கி, 22 மாதம் மாதாமாதம் போய், ஐந்து தடவை கிளிப் கழன்ற ஒரு கேஸ் (எண்கள் உதாரணத்துக்கு).

கிளினிக் அ: சொன்ன தொகை 32,000. எக்ஸ்ரே 1,200, பல் சுத்தம் 1,000, நான்கு பல் பிடுங்க 3,200, மாத விசிட் 300 வீதம் 6,600, கழன்ற கிளிப்பை ஒட்ட 300 வீதம் 1,500, கடைசியில் ரிடெய்னர் (கிளிப் எடுத்தபின் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைப்பது) 6,000. மொத்தம் 51,500.

கிளினிக் ஆ: சொன்ன தொகை 45,000. விசிட், சுத்தம், ரிடெய்னர், மூன்று தடவை கிளிப் ஒட்டுவது உள்ளடக்கம். வெளியே எக்ஸ்ரே 1,200, பல் பிடுங்க 3,200, மிச்ச இரண்டு கிளிப் 600. மொத்தம் 50,000.

ஆக, பதின்மூன்றாயிரம் மலிவாகத் தெரிந்த இடம் முடிவில் ஆயிரத்து ஐந்நூறு அதிகம். மாத விசிட்டுக்குத் தனியாக வாங்கும் இடத்தில் சிகிச்சை நீள நீள உங்கள் பணமும் நீளும். 24 மாதம் என்றது 30 ஆனால் யார் செலவு என்று கேளுங்கள். ஒரே தொகை பேசிய கிளினிக்கில் இந்தத் தலைவலி இல்லை.

கேட்டு எழுதி வாங்க வேண்டியவை: விசிட், கழன்ற கிளிப், பல் பிடுங்குவது, எலும்பில் போடும் மினி ஸ்க்ரூ (தேவைப்பட்டால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பணம்), கிளிப்பைக் கழற்றிப் பசையை எடுப்பது, ரிடெய்னர். கடைசி இரண்டையும் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

கிளிப் கழல்வதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முறுக்கு, தட்டை, சீடை, கடலை மிட்டாய், கரும்பு, எலும்பு. இவைதான் வழக்கமான குற்றவாளிகள். கொய்யாவைக் கடிக்காமல் சின்னத் துண்டாக நறுக்கிச் சாப்பிடலாம். கிளிப் கழன்ற பல், அதை மறுபடி ஒட்டும் வரை சரியாக நகராது. ஒட்டுவதற்கான 300 ரூபாயை விட அந்த இழுபறிதான் பெரிய நஷ்டம். ஆனால் கீழ்வரிசையில் ஒரே பல்லில் திரும்பத் திரும்பக் கழன்றால் முறுக்கைத் திட்டாதீர்கள். மேல்பல் அதன்மேல் இடிக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைவாய்ப் பல்லில் கொஞ்சம் மேடு வைத்து அந்த இடியைத் தடுக்கலாம். இந்தக் காரணத்தால் கழன்றதற்கு உங்களிடம் பணம் கேட்பது நியாயமில்லை.

படி 5: பணம் கட்டும் விதம்

முழுத் தொகையையும் முதல் நாள் கட்டாதீர்கள். ஒட்டும்போது மூன்றில் ஒரு பங்கு, மீதி மாதாமாதம், கடைசித் தவணை கிளிப் கழற்றும்போது. இதைப் பெரும்பாலான டாக்டர்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் ரசீது வாங்குங்கள்.

‘வட்டியில்லா இ.எம்.ஐ.’ என்றால் பெரும்பாலும் அது ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எடுக்கும் கடன். செயல்பாட்டுக் கட்டணம் இருக்கும். கிளினிக் மூடினாலும் கடன் உங்கள் தலையில்தான். தபாலில் அலைனர் அனுப்பிய அமெரிக்காவின் ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பரில் மூடியபோது, பாதி சிகிச்சையில் நின்றவர்களும் தவணையைத் தொடர்ந்து கட்ட வேண்டும் என்றுதான் அறிவித்தது.

வழக்கமான மருத்துவக் காப்பீட்டில் கிளிப் செலவு வராது. பாலிசியில் பல் பற்றிய விதிவிலக்குப் பத்தியைப் படித்தால் தெரிந்துவிடும்.

கையில் பணம் குறைவு என்றால்

சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளியே ஆவதை விடக் குறைவாகவே ஆகும். எம்.டி.எஸ். படிக்கும் மாணவர் செய்வார், பேராசிரியர் மேற்பார்வை பார்ப்பார். காத்திருக்க வேண்டும், ஒரு விசிட்டுக்கு அரை நாள் போகும். முதல் வருட மாணவரிடம் கேஸ் வருமா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாம் வருட மாணவர் உங்களைத் தொடங்கினால் அவர் படிப்பு முடிந்து போய்விடுவார், கேஸ் இன்னொருவர் கைக்கு மாறும்.

பிறகு சேர்த்தது

*வேலை மாறி வேறு ஊர் போனால்?* புது டாக்டர் பெரும்பாலும் புதிதாக ஒரு தொகை சொல்வார். சிலர் பழைய கிளிப்பை எடுத்துவிட்டுத் தங்கள் வழக்கப்படி புதிதாக ஒட்டுவார்கள். ஆறேழு மாதத்தில் ஊர் மாறப் போவது உறுதி என்றால், போய்ச் சேர்ந்த ஊரில் தொடங்குங்கள்.

*ரிடெய்னர் கட்டாயமா?* கட்டாயம். போடாவிட்டால் பல் பழைய இடத்துக்குத் திரும்பும், கட்டிய பணம் முழுக்கப் போகும். முன்பற்களின் பின்னால் ஒட்டும் மெல்லிய கம்பியும், இரவில் மாட்டும் கழற்றக்கூடிய ஒன்றும் சேர்த்துப் போட்டால் நல்லது. நிறமில்லாத பிளாஸ்டிக் ரிடெய்னரை வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும். தேயும், கீறலும் விடும். அவ்வப்போது ஒரு செட் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும் என்று இப்போதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.